ஊசியும் பரீட்சைக்கு உட்பட்டதே

கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று ஒரு சாமி உண்டு. அது எத்தனை பேரைக் காப்பாற்றிற்று என்று கணக்குக் கேட்கிறோம், சொல்வாரில்லை.

பம்பாயில் ஹாஃப்கின் என்ற வெள்ளைக்காரர் பிளேக் கிருமியை வளர்த்து, சூட்டால் கொன்று, 1897 ஜனவரி 10-ந் தேதி முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். அம்மாதமே பைகுல்லா ஜெயிலில் பிளேக் கண்டது. ஏறக்குறைய பாதிக் கைதிகள் ஊசிக்கு முன்வந்தார்கள். (கைதியின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்றும் நாம் கேட்கத்தான் வேண்டும்.) எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே கொட்டடி. முன்பே நோய் கண்டவர் நீங்கலாக, போட்டவரில் சாவில்லை; போடாதவரில் 6 பேர் மாண்டார்கள்.

1902-ல் பஞ்சாபில், முல்கோவாலில், ஒரே புட்டி மருந்தால் 19 பேர் தனுர்வாதம் கண்டு இறந்தபோது, ஹாஃப்கினையே விசாரித்தார்கள். குற்றம் அவருடையதல்லவென்று தெளிய 1907 ஆயிற்று. மாரியம்மனை நாம் எந்த வருஷம் விசாரித்தோம்?