கத்தி நம் கைக்குப் பொருந்த வேண்டும்

(கவ்வாத்து ஆரம்பிக்கும் முன் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவ்வாத்துக்கு மலை ஒதுக்கும் காலம் வந்தால் சங்கத்தில் வழக்கமாக இரண்டு விஷயம் பேசுவோம். ஒரு பெயருக்கு எத்தனை செடி என்பது ஒன்று. கொந்தரப்பு என்றால் செடிக்கு எவ்வளவு என்பது மற்றது. இன்று மூன்றாவதாக ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். அது நம் கையில் இருக்கும் கத்தி.

தேயிலை, வெட்டாமல் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். அதைக் கொழுந்தெடுக்கும் மட்டத்தில் வைத்திருப்பது கவ்வாத்துதான். மலையின் உயரத்தைப் பொறுத்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை செடி கத்திக்கு வருகிறது. அன்று விழும் வெட்டுதான் அடுத்த சில ஆண்டுக் கொழுந்தைத் தீர்மானிக்கிறது. வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் விழுந்தால் மழைத் தண்ணீர் வழிந்துவிடும், காயம் ஆறும். மொட்டைக் கத்தியால் அடித்தால் வாது பிளக்கும், பட்டை கிழியும். அந்த வழியாக ஈரமும் பூஞ்சணமும் இறங்கி, கட்டை உளுத்துப் போகும். பிறகு கிலோ குறைகிறது என்று பேச்சு வாங்குவது யார்? கொழுந்தெடுக்கும் நம் பெண்கள்தான்.

இது செடிக்கு வரும் கேடு. நமக்கு வரும் கேடு வேறு. மொட்டைக் கத்திக்கு அதிக பலம் கொடுத்து வீச வேண்டும். அதிக பலத்தோடு வீசிய கத்தி வழுக்கினால் முழங்காலில் அல்லது மறு கையில் வந்து நிற்கும். பிடி பொருந்தாவிட்டால் முதல் நாளே கொப்புளம், பிறகு மணிக்கட்டு வலி, தோள் வலி. தோட்டத்தில் கொடுக்கும் கத்தி எல்லோருக்கும் ஒரே அளவு. நம் கைகள் ஒரே அளவில் இல்லை. கவ்வாத்து வெட்டும் பெண்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

பிடியைக் கைக்கு ஏற்ப மாற்றுவது நம் பெரியவர்களுக்குப் பழகிய வேலை. இளைஞர்களுக்காக அதைச் சொல்கிறோம்.

முதலில் அளவு. பிடியைச் சுற்றிப் பிடித்தால் விரல் நுனி உள்ளங்கையில் குத்தக் கூடாது. விரல்கள் விரிந்து நிற்கவும் கூடாது. விரல் நுனிக்கும் பெருவிரல் மேட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தால் போதும். உருண்டையான பிடி கைக்குள் சுழலும். முட்டை வடிவில் சீவினால் கத்தி வாய் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். கடைசியில் ஒரு குமிழ் விட்டால் மழையில் கை வழுக்காது.

அடுத்தது மரம். கொய்யா நல்லது, அடியைத் தாங்கும். நார் நேராக ஓடும், முடிச்சில்லாத துண்டாக எடுங்கள். பச்சை மரத்தில் பிடி போட்டால் காயும்போது சுருங்கிக் கத்தி ஆடும். ஆகவே இரு முனைகளிலும் மெழுகுதிரியை உருக்கித் தடவி, நிழலில் சில மாதம் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். அடுத்த கவ்வாத்துக்கான துண்டை இப்போதே வெட்டி வைப்பதுதான் புத்தி.

கத்தியின் வால் பிடிக்குள் இறங்கும் இடத்தில் இரும்புப் பூண் கட்டாயம் வேண்டும். பூண் இல்லாவிட்டால் மரம் பிளக்கும், கத்தி பறந்து பக்கத்தில் இருப்பவர் மேல் விழும். வாலைச் சூடாக்கி இறக்குபவர்கள், கத்தியின் உடலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். சூடு வாய்ப்பக்கம் ஏறினால் இரும்பின் பதம் போய்விடும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

தீட்டுவதிலும் இதே கவனம் வேண்டும். கிரைண்டரில் பிடித்து வாய் நீலமாக மாறினால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கிரைண்டர் பிடித்தால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடியுங்கள். அரமும் தண்ணீர்விட்ட தீட்டுக்கல்லும் நிதானமானவை. ஆசாரி வைத்த சரிவை மாற்றாமல் அதன்மேலேயே ஓட்டுங்கள். எதிர்ப்பக்கம் மெல்லிய பிசிறு எழும்பினால் வாய் வந்துவிட்டது. அந்தப் பிசிறைக் கல்லில் லேசாக எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

பிடிக்கு வார்னிஷ் பூச வேண்டாம். வழுக்கும், கொப்புளம் போடும். லின்சீட் எண்ணெய் மெல்லியதாகத் தேய்த்துக் காய விட்டால் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஒரு காம்பிராவில் பிடித்த தீ லயம் முழுவதையும் எரிக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. துணியை வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

பிடியில் சிவப்போ மஞ்சளோ ஒரு வளையம் பூசுங்கள். வெட்டிய வாதுக் குவியலில் கத்தி தொலையாது, யாரும் மிதிக்கவும் மாட்டார்கள். பழைய கென்வஸ் துணியில் ஓர் உறை தைத்து, வீட்டில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

தோழர்களே, இவற்றை நாம் செய்யலாம் என்றுதான் சொன்னோம். நம் செலவில் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கத்தி தோட்டத்துக்காக வெட்டுகிறது. ஆகவே நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேட்கிறோம். பிடி, அரம், தீட்டுக்கல் ஆகியவற்றின் செலவைத் தோட்டம் ஏற்க வேண்டும். கத்தி தீட்டும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கெடுக்க வேண்டும். ஒருவர் கைக்குப் பொருத்திய கத்தி, கவ்வாத்து முடியும்வரை அவரிடமே இருக்க வேண்டும். தோட்டத்துக் கத்தியில் பிடி மாற்றுமுன் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தலைவரும் உடன் இருக்கட்டும். பிறகு பேச்சு வராது.

வெட்டுக்காயம் பட்டால், சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மருந்துச்சாலைக்குப் போய்க் காயத்தைக் காட்டுங்கள், ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள், பதிவு போடச் சொல்லுங்கள், தலைவருக்கும் அறிவியுங்கள். தொழிலின் காரணமாக, தொழிலின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு கோரும் உரிமை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் அந்த உரிமையை நிலைநாட்ட நாம் படாத பாடு பட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கவ்வாத்து வெட்டும் ஒவ்வொருவரும் தங்கள் கத்தியைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வாருங்கள். எத்தனை கத்திக்குப் பிடி ஆடுகிறது, எத்தனைக்குப் பூண் இல்லை, எத்தனை கத்தி தேய்ந்து போயிருக்கிறது என்று எண்ணி எழுதுவோம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் செடியில் கத்தி விழுமுன் நிர்வாகத்தைச் சந்திப்போம்.