எஞ்சினின் நோய் அறிதல்

மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் சுற்றிலும் யோசனை சொல்வோர் கூடிவிடுவர். பாட்டரியை மாற்றச் சொல்வார் ஒருவர். பிளக்கை மாற்றச் சொல்வார் மற்றொருவர். ஊகத்தை நம்பி ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், பழுது எஞ்சும். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் வருமானம் அன்றோ? ஆகவே, பழுதை முறையாக ஆராய்ந்தறியும் வழியை மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். இன்றைய பெட்ரோல் கார்களின் எஞ்சினும் அந்த அடிப்படையிலேயே ஓடுகிறது. அதற்கு வேண்டியவை மூன்று: தக்க அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், அக்கலவைக்குப் போதிய அழுத்தம், உரிய நேரத்தில் தோன்றும் மின்பொறி.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழல்கிறதா? இதுவே முதற் கேள்வி. சுழல மறுத்தால் பாட்டரி, அதன் இணைப்புகள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நன்றாகச் சுழன்றும் இயங்கவில்லையெனில், நான் மேலே கூறிய மூன்றனுள் ஏதோ ஒன்று குறைகிறது. ஒரே கேள்வியால் தேட வேண்டிய இடம் எவ்வளவு சுருங்கிவிட்டது, பாருங்கள்!

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நடுங்கி ஓடுகிறது என்று கொள்வோம். இக்காலத்து வண்டியிலுள்ள கணினி 'பி 0302' என்னும் குறியீட்டைக் காட்டுகிறது. இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள். ஆனால், அது நோயின் குறியே தவிர, காரணம் அன்று. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் பிளக்கையும் மூன்றாம் சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றுங்கள். குறை மூன்றாம் சிலிண்டருக்குப் போனால் குற்றம் பிளக்கினுடையது. போகவில்லையெனில், தனித்தனி மின்சுருள் உள்ள வண்டிகளில் அதனையும் அவ்வாறே மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று அறிய இயலாது.

மின்பொறியில் குறையில்லையெனில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பின்னர் சிலிண்டரின் அழுத்தத்தையும் சோதிக்கலாம். அழுத்தம் குறைந்திருந்தால் சிறிது எஞ்சின் எண்ணெயைச் சிலிண்டரில் விட்டு மீண்டும் அளப்பது வழக்கம். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்திருக்கலாம். எண்ணெய் அந்த இடைவெளியைச் சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. உயராவிட்டால் வால்வையோ ஹெட் காஸ்கெட்டையோ ஐயுற வேண்டும்.

ஒவ்வொரு சோதனையின் முடிவையும் குறித்து வையுங்கள். "இன்ன உறுப்பு பழுதாயிற்று, இன்ன சோதனையால் அதை அறிந்தேன்" என்று வண்டிக்காரரிடம் எடுத்துச் சொல்ல முடிந்த பின்னரே, புதிய உறுப்பை வாங்குமாறு அவரிடம் கூறுதல் நேர்மையாகும்.