கொடைக்கானல்ல ஒரு போறணை: செங்கல்லுக்கு முன்னாடி விறகைப் பேசலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

கொல்லைப்புறத்துல செங்கல் வெச்சு விறகு அடுப்பு கட்டறது எப்படினு கொஞ்ச நாளாவே கேட்டுட்டிருக்கீங்க. பீட்சா, பிரெட் போடற அந்தக் குவிமாட அடுப்பு. இலங்கைத் தமிழ்ல இதுக்குப் போறணைனு அருமையான ஒரு வார்த்தை இருக்கு. போர்த்துக்கீசியர்களோட ‘ஃபோர்னோ’ அங்கே போறணை ஆச்சு, ‘பாவ்’ பாண் ஆச்சு. மும்பை பாவ் பாஜியில இருக்கற பாவும் அதேதான். நான் இன்னைக்கு முழுக்கப் போறணைனே சொல்லப்போறேன். ஓவன்னு சொன்னா மைக்ரோவேவ்தான் ஞாபகத்துக்கு வருது.

யூடியூப்ல இதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்கு. பெரும்பாலும் நல்ல வெயில் காயற ஊர்கள்ல எடுத்தது. கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர். ரெண்டு பருவமழை, நடுவுல மூடுபனி, குளிர்காலத்துல உறைபனி. கடந்த சில வருஷத்துல கொடைக்கானல், பண்ணைக்காடு பக்கம் அஞ்சாறு போறணை கட்டறப்ப கொத்தனார் அண்ணனோட கூடவே நின்னிருக்கேன். அதை வெச்சுத்தான் பேசறேன்.

முதல் கேள்வி செங்கல் இல்லை. விறகு.

மலைக்கு வர்ற நண்பர்கள் எல்லாரும் சொல்றது, ‘சுத்தி மரமாத்தானே இருக்கு, விறகுக்கு என்ன பஞ்சம்?’ மரம் இருக்கு, ஆனா அது நம்மளோடது இல்லை. 2013-ல கொடைக்கானல் வனவுயிர் சரணாலயம் அறிவிச்சாங்க, கிட்டத்தட்ட 600 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள போய் விறகு எடுக்க முடியாது. சொந்தப் பட்டா நிலத்து மரமா இருந்தாலும், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கறதுக்குனு 1955-லயே ஒரு சட்டம் இருக்கு. அனுமதி வாங்காம வெட்ட முடியாது.

அப்புறம் வாட்டில் மரம். நீலகிரிப் பக்கம் சீகைனு சொல்வாங்க. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தது. அதோட பட்டை தோல் பதனிட உதவும்னு போன நூற்றாண்டுல வனத்துறையே பழனி மலையோட மேல்பகுதிப் புல்வெளிகள்ல நட்டது. அது பரவிப் பரவி, சோலைக்காடுகளுக்கு நடுவுல இருந்த புல்வெளிகள்ல பெரும்பகுதி இன்னைக்கு இல்லை. வாட்டில் நல்லா எரியும், தணல் ரொம்ப நேரம் நிக்கும். அதனால ஒரு வாதம் வரும்: ‘அந்நிய மரம்தானே, எரிச்சா மலைக்கு நல்லதுதானே?’

இந்த வாதம் எனக்கு இவ்வளவு வசதியா இருக்கறதே எனக்குச் சந்தேகமா இருக்கு. வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும். மேல இருக்கற மரத்தை வெட்டி வெளிச்சம் விட்டா, இல்லைனா தீ பட்டா, ஒரே சமயத்துல முளைச்சு முன்னைவிட அடர்த்தியா வரும். இன்னொரு பக்கம், வயசான வாட்டில் தோப்புக்கு அடியில சோலை மரக்கன்னுகள் தானாவே வளர்றதை வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்கரும் வருஷக்கணக்கா எடுத்துச் சொல்லியிருக்காங்க. அந்தத் தோப்பை வெட்டினா கன்னும் போயிடும். அந்நியத் தாவரங்களுக்குனு தமிழ்நாடு அரசு 2022-ல தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. எந்த மரத்தை எங்கே எடுக்கறது, எங்கே விடறதுங்கறது அந்த வேலை தெரிஞ்சவங்க முடிவு. என் பீட்சா ஆசை அதுக்குள்ள மூக்கை நுழைக்கக் கூடாது.

சாயந்திரம் தலையில விறகுக் கட்டோட சரிவுல இறங்கி வர்ற அக்காக்களைப் பார்த்திருப்பீங்க. அந்த விறகு வெந்நீருக்கும் சோத்துக்கும். நம்மளோடது ஞாயித்துக்கிழமை பீட்சாவுக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லை.

நான் பார்த்தவரைக்கும் நேர்மையான வழி, கீழ்ப்பழனி காப்பித் தோட்டங்கள். தாண்டிக்குடி, பெரும்பாறை, பண்ணைக்காடு. அங்கே வயசான காப்பிச் செடியைப் பிடுங்குவாங்க, சில்வர் ஓக் மாதிரி நிழல்மரத்தைக் கவாத்து பண்ணுவாங்க. காப்பித் தண்டு ஒல்லியா இருக்கும், ஆனா கெட்டி. சூடு பிச்சுக்கிட்டு வரும். காசு கொடுத்து வாங்குங்க. காசு கொடுத்தாத்தான் கணக்கு பார்ப்போம். கணக்கு பார்த்தாத்தான் போறணை சின்னதா வரும்.

ஆமா, சின்னதா. இணையத்துல கிடைக்கற பிளான்கள்ல 42 அங்குல உள்விட்டம் ரொம்ப பிரபலம். வீட்டுக்கு 32 அங்குலம் தாராளம். பத்து அங்குலம்தானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. தரைப் பரப்பு கிட்டத்தட்ட 1.7 மடங்கு ஆகுது. நாலு பீட்சா போடறதுக்காக ஒவ்வொரு தடவையும் அவ்வளவு செங்கல்லையும் சூடாக்கணும்.

இப்ப கட்டறதுக்கு வருவோம். இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் மேடை, மேல ஒரு கான்கிரீட் ஸ்லாப். அதுக்கு மேலதான் முக்கியமான அடுக்கு, கட்டி முடிச்சா கண்ணுக்கே தெரியாது. நாலு அங்குலத்துக்கு வெர்மிகுலைட் கலவை. செடி வளர்க்கறவங்க வாங்குவாங்களே, அதேதான். அஞ்சு பங்கு வெர்மிகுலைட், ஒரு பங்கு சிமென்ட். அதுக்கு மேல ஃபயர் கிளே கலந்த மணலை மெல்லிசா பரப்பி, ஃபயர் பிரிக்கைக் கலவையே வெக்காம நெருக்கி அடுக்கணும். நாளைக்கு ஒரு கல் வெடிச்சா அதை மட்டும் பெயர்த்து மாத்திக்கலாம்.

கொத்தனார்கள் இந்த இடத்துல கேப்பாங்க: ‘சூடு மேலதானேப்பா போகும், கீழ எதுக்கு இதெல்லாம்?’ மேல போறது சூடான காத்து. செங்கல்லுக்குள்ள இருக்கற சூடு எந்தப் பக்கம் குளிர்ச்சியோ அந்தப் பக்கம் போகும். கொடைக்கானல் ராத்திரியில ஜில்லுனு இருக்கற கருங்கல் மேடை அதை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரு விடுதியில பார்த்தேன், போறணை பார்க்க அவ்வளவு அழகு, மொசைக் எல்லாம் ஒட்டி. அடியில கை வெச்சா ஸ்லாப் வெதுவெதுனு இருக்கு. நாலு மணி நேரம் எரிச்சும் பீட்சாவோட அடிப்பக்கம் வெள்ளையாவே வந்துச்சு.

குவிமாடத்துக்கு விலை அதிகமான கல் அவசியம் இல்லைங்கறது என் கருத்து. வத்தலக்குண்டு மலைப்பாதையில லாரி ஏறி வர்ற சாதாரணச் செங்கல்லுலயே நல்லா வெந்ததா, தட்டினா கணீர்னு சத்தம் வர்றதா பொறுக்கி எடுங்க. பாதியா உடைச்சு, தண்ணியில நனைச்சு வைங்க. ஈரமணலைப் பந்து மாதிரி குவிச்சு, மேல நியூஸ்பேப்பர் ஒட்டி, அதைச் சுத்தி வளையம் வளையமா அடுக்கிட்டே போகணும். காஞ்சதும் வாசல் வழியா மணலை அள்ளிடலாம். சாரமே இல்லாம குவிமாடம் கட்டற முறையை ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்ல கத்துக் கொடுக்கறாங்க. ஆர்வம் இருந்தா போய்ப் பாருங்க, அது தனி உலகம். கலவையில வெறும் சிமென்ட் வேண்டாம். 400 டிகிரியைத் தாண்டினா அதோட பிடிப்பு போயிடும்.

ஒரு அளவை மட்டும் மாத்தாதீங்க. வாசலோட உயரம், குவிமாடத்தோட உள் உயரத்துல 63 சதவீதம். உள்ளே 16 அங்குலம்னா வாசல் 10 அங்குலம். இதைவிட உயரமா வெச்சா சூடு வெளியே ஓடிடும், குறைச்சா புகை வெளியேறாது, தீ மூச்சு முட்டும். இந்த உயரத்துல காத்தே சமவெளியைவிட அஞ்சுல ஒரு பங்கு லேசு. அதனால விறகையும் மெல்லிசா பிளந்து போடணும்.

குவிமாடத்து மேலயும் அதே மாதிரி வெர்மிகுலைட் போர்வை, அதுக்கு மேல சுண்ணாம்புப் பூச்சு. அதோட நிறுத்திட்டா ஐப்பசி மழையில எல்லாம் வீண். நனைஞ்ச போர்வை குளிர் தாங்குமா? அதே கதைதான். ஒரு தகரக் கூரை போட்டே ஆகணும். போட்டோவுக்கு நல்லா இருக்காது, பரவாயில்லை. ஆனா நாலு பக்கமும் அடைக்காதீங்க. குளிருதுனு மூடின அறைக்குள்ள கரி அடுப்பை வெச்சுட்டுத் தூங்கினவங்க கொடைக்கானல்லயே செத்திருக்காங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கட்டறதுக்கு பிப்ரவரி, மார்ச் நல்ல மாசம். ராத்திரி சாக்கு போட்டு மூடுங்க, ஈரக் கலவை உறைஞ்சா உதிர்ந்துடும். கட்டி முடிச்சு ரெண்டு மூணு வாரம் சும்மா விடுங்க. அப்புறம் ஒரு வாரம் தினமும் சின்னத் தீ. முதல் நாள் 100 டிகிரியைத் தாண்ட வேண்டாம், அப்புறம் நாளுக்கு 50 டிகிரியா ஏத்துங்க. இங்கே தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சுடும். செங்கல்லுக்குள்ள இருக்கற ஈரம் ஒரேயடியா ஆவியாச்சுன்னா வெளியேற வழி இல்லாம விரிசல் விட்டுடும்.

இனி சமையல். ஒன்றரை, ரெண்டு மணி நேரம் எரிச்சதும் உள்ளே கரி படிஞ்ச குவிமாடம் திடீர்னு வெளுக்க ஆரம்பிக்கும். கரியே எரிஞ்சு போற சூடு அது. அப்ப பீட்சா, ரெண்டு நிமிஷத்துக்குள்ள ரெடி. முடிஞ்சதும் தணலை வாரி, கதவைச் சாத்திடுங்க. 250-க்கு இறங்கினா பிரெட். இந்த உயரத்துல மாவு சீக்கிரம் உப்பும், ஈஸ்ட்டைக் கால்வாசி குறைச்சுக்கோங்க. 180-ல கேரட், உருளைக்கிழங்கு, அப்புறம் முழுசா மலைப்பூண்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர்ப் பூண்டு, தோலோட சுட்டா வெண்ணெய் மாதிரி பிதுங்கி வரும். ராத்திரிக்கு, கேஸ்ல நல்லா கொதிக்க வெச்ச பட்டர் பீன்ஸையோ மட்டனையோ சட்டியோட உள்ளே தள்ளுங்க. இந்த மலையில குக்கர் இல்லாம பீன்ஸ் வேகறதுக்கு யுகம் ஆகும். ராத்திரி முழுக்க உள்ளே இருந்தா பூவா வெந்திருக்கும்.

மறுநாள் காலையில கை வெச்சா இன்னும் சூடு இருக்கும். சட்டியை எடுத்துட்டு, ஒரு பொறிகூட இல்லைனு பார்த்துட்டு, அடுத்த தடவைக்கான விறகை உள்ளே அடுக்கி வெச்சுடுங்க. பச்சை மரத்தோட எடையில பாதி வரைக்கும் தண்ணிதான். மூடுபனியில மாசக்கணக்கா காஞ்சாலும் முழுசா காயாத விறகு, இந்த மிச்சச் சூட்டுல காஞ்சுடும். ரெண்டு கட்டையை எடுத்துத் தட்டிப் பாருங்க. ‘டொக்’னு மந்தமா கேட்டா திரும்ப உள்ளே வைங்க. ‘டங்’னு கேட்டா அடுக்கிடலாம்.