கூலியை எந்த இயற்கை எழுதியது?

(மன்னார்குடி பந்தலடிக் கூட்டத்தில் பேசியது)



போன வாரம் இந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் மகளிர் விழா. தலைமை தாங்கிய ஐயா திருவாய் மலர்ந்தார்: நடவு பெண்ணுக்குப் பிறவிக் கலையாம். மெல்லிய விரல், வளையும் இடுப்பு எல்லாம் இயற்கை கொடுத்ததாம். அதனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள கூலி வித்தியாசமும் இயற்கையாம். கைதட்டல் வேறு!

ஐயா இடுப்பு வளைந்து நான் பார்த்தது மந்திரி வந்தபோதுதான்.

நம்ம பக்கத்தில் நாற்றைப் பறித்து முடி கட்டுகிறவன் யார்? ஆம்பளை. அதே நாற்று, அதே சேறு. பறிக்கிற விரலுக்கு ஒரு கூலி, நடுகிற விரலுக்கு ஒரு கூலியா? பிள்ளை பெறுவது பெண்தான், யார் மறுத்தது? கருப்பைக்கும் கூலிக்கும் என்னய்யா சம்பந்தம்?

ஆண் குணம், பெண் குணம் என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறுகிறது என்று நியூ கினியைப் பார்த்துவிட்டு 1935-ல் எழுதினார் மானுடவியலாளர் மார்கரெட் மீட். அவரோடு மல்லுக்கு நின்ற அறிஞர்களும் உண்டு. நிற்கட்டும். நியூ கினி எதற்கு, நீடாமங்கலம் போங்கள். மேற்கு வங்கத்து ஆம்பளைகள் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். மெல்லிய விரலை ஹவுரா ஸ்டேஷனில் மாட்டி அனுப்பினார்களா?

அடுத்து நடவு மிஷின் வந்தது. உட்கார சீட்டு, பிடிக்க ஸ்டியரிங். ஏறி உட்கார்ந்தவன் யார்? ஆம்பளை! குனிகிறவரைக்கும் பெண்ணின் பிறவிக் கலை, சீட்டு வந்ததும் ஆண்பிள்ளை வேலை. அயோக்கியத்தனம் இல்லையா இது? ராத்திரி கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உலை வைக்கிறாளே, அவளிடம் போய்ச் சொல்லுங்கள் கலை என்று!

மணலூர் மணியம்மையை இந்த மண் மறந்துவிட்டதா? பிராமண வீட்டு விதவை. தலையைக் கிராப்பு வெட்டி, வேட்டி கட்டி, கூலிக்காரர்களைத் திரட்டிப் பண்ணையார்களை எதிர்த்து நின்றார். 1953-ல் இறக்கும்வரை அந்த வேட்டியை அவிழ்க்க எந்த இயற்கையும் வரவில்லை.

சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் போட்டாச்சு. நடவும் பறியும் வேறு வேறு வேலையாம், அதனால் சட்டம் செல்லாதாம். இதுதான் மிராசுதார் கண்டுபிடித்த சந்து. நம் சங்கத்து ஆண் தோழர்களும் அந்தச் சந்தில்தான் நிற்கிறார்கள். முகத்தைத் திருப்பாதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்!

சம்பா நடவுக்குக் கூலி பேச உட்காரும்போது நடவுப் பெண்களும் முன்வரிசையில் இருக்க வேண்டும். நீங்களே பேசி முடித்துவிட்டு வந்து எங்களுக்குத் தகவல் சொல்கிற வேலை இனி நடக்காது.