கோடு போடுவதற்கு முன்

பட்டம் பெறும் இளைஞர்களே,

ஈக்வடார் நாட்டின் வடக்கே, ஆண்டீஸ் மலை அமேசான் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் அகுவாரிகோ ஆறு பாய்கிறது. அதன் கரையில் சினாங்கோயே என்ற சிற்றூர். அங்கே வாழும் கோஃபான் பழங்குடியினருக்குக் குடிநீர், மீன், குளியல், போக்குவரத்து எல்லாமே அந்த ஆறுதான். அத்துமீறி நுழைவோரைத் தடுக்க 2017-இல் அவர்கள் சொந்தமாக ஒரு காவற்படை அமைத்தார்கள். அதில் சேர்ந்த முதல் பெண் அலெக்ஸாண்ட்ரா நர்வாயெஸ். மரங்களில் தானியங்கிக் கேமராக்கள் கட்டினார்கள், ட்ரோன் பறக்கவிட்டார்கள்.

மறு ஆண்டு, ரோந்து போனவர்கள் ஆற்றங்கரையைக் கனரக இயந்திரங்கள் தோண்டுவதைக் கண்டார்கள். தங்கம் எடுக்க அரசு 20 உரிமங்களைக் கொடுத்து முடித்திருந்தது. மேலும் 32 பரிசீலனையில் இருந்தன. ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். பழங்குடிகளைக் கலந்தாலோசிக்காமல் அவர்கள் நிலத்தில் கனிமம் எடுக்கத் திட்டமிடக் கூடாது என்று அந்நாட்டின் 2008 அரசியலமைப்பே சொல்கிறது. 2018 அக்டோபரில் மாகாண நீதிமன்றம் கொடுத்தவை, பரிசீலனையில் இருந்தவை என 52 உரிமங்களையும் செல்லாதவை ஆக்கியது. 2021 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகள் சினாங்கோயேவுக்கே வந்து வழக்கைக் கேட்டார்கள். மக்கள் நீதிமன்றத்தைத் தேடிப் போகும் வழக்கம் அன்று தலைகீழானது. 2022-இல் அந்த நீதிமன்றமும் ஊரார் பக்கமே தீர்ப்பளித்தது. அலெக்ஸாண்ட்ராவுக்கும், அவரோடு சேர்ந்து போராடிய கோஃபான் இளைஞர் அலெக்ஸ் லுசிட்டாண்டேவுக்கும் அதே ஆண்டு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையை டோங்கிரியா கோந்த் மக்கள் தங்கள் தெய்வமான நியம ராஜாவின் இருப்பிடமாக வணங்குகிறார்கள். அங்கே பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகள் சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. பெரும் வெற்றிதான். ஆனால் மலையடிவாரத்தில், லாஞ்சிகரில், அந்தப் பாக்சைட்டை நம்பி வேதாந்தா நிறுவனம் கட்டிய அலுமினா ஆலை அதற்கு வெகு முன்பே எழுந்து நின்றுவிட்டது. கோடிகளைக் கொட்டி ஆலையைக் கட்டிய பிறகு மலைவாசியிடம் போய்க் கேட்பது கலந்தாய்வா? மறுப்புச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

செம்பும் லித்தியமும் இல்லாமல் சூரிய மின்சாரத்தையும் மின்வாகனத்தையும் பெருக்குவது கடினம் என்பது உண்மை. எங்கோ மண்ணைத் தோண்டத்தான் வேண்டும். அந்த "எங்கோ" யாருடைய வீடு என்பதை முதலில் பார்க்க வேண்டாமா?

பழங்குடிகள் பற்றிய 1989-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 169-ஐ இந்தியா இன்னும் ஏற்கவில்லை. நமக்கு இருப்பது 2006 வன உரிமைச் சட்டமும் கிராம சபையும். அதிலும் 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு ஒப்புதல் தந்த பிறகு வன உரிமைகளை மாநில அரசு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையை மாற்றின. தேசியப் பழங்குடியினர் ஆணையம் எதிர்த்தது. முன்னது பின்னதாகிவிட்டால் சம்மதம் என்பது வெறும் சடங்கு.

உங்களில் புவியியலாளர் சுரங்க வரைபடம் வரைவார். பொறியாளர் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிப்பார். வழக்கறிஞர் சட்டக் கருத்து எழுதுவார். கோப்பு மேசைக்கு வரும்போது இரண்டு தேதிகளைத் தேடுங்கள்: கிராம சபை கூடிய நாள், வரைபடத்தில் கோடு விழுந்த நாள். கோடு முந்தியிருந்தால் கையெழுத்துப் போடாமல் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.