படிவத்திற் கூடு இல்லையெனின் ஆளும் இல்லையோ?

(கொழும்புத்துறை வாசிகசாலையிற் பொது அறிவுப் போட்டியின் பரிசளிப்பு நாளன்று நாம் நிகழ்த்திய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகளை நாலு வார்த்தை பாராட்டிவிட்டு அமருமாறு நம்மை அழைத்தார்கள். பாராட்டுகின்றோம். முதற் பரிசு பெற்ற தங்கை, இரண்டு மதிப்பெண்ணால் அதனைத் தவறவிட்ட தம்பி, இருவருமே கெட்டிக்காரர். ஆயினும் பாராட்டோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. வினாவிடைப் போட்டியிலே உலகறிய வென்ற ஒருவரைப் பற்றியும், நம் மொழி பேசும் நாட்டிலே பரீட்சை எழுதுவதற்கே வழக்காட வேண்டியிருந்த இன்னொருவரைப் பற்றியும் இன்று சொல்ல எண்ணியுள்ளோம். இவ்விருவரும் திருநங்கையர். இதைக் கேட்டவுடன் பின்வரிசையிற் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதைக் காண்கின்றோம். அந்தப் புன்னகையைப் பற்றியும் பின்னர்ப் பேசுவோம்.

அமெரிக்க நாட்டிலே ஜெப்பர்டி என்றொரு தொலைக்காட்சி வினாவிடைப் போட்டி உண்டு. 1964ஆம் ஆண்டிலே தொடங்கியது. மூவர் நிற்பர். ஓர் ஆட்டத்தில் 61 குறிப்புகள். வாசிப்பவர் குறிப்பை வாசித்து முடிக்கும்வரை பொத்தானை அழுத்தலாகாது. முந்தி அழுத்தினாற் சிறிது நேரம் அது வேலை செய்யாது. பிந்தினால் மற்றவர் முந்திவிடுவார். எனவே அறிவு மாத்திரம் போதாது. பொறுமை வேண்டும், விரலிலே விரைவும் வேண்டும். இன்னொரு விசித்திரம், விடையை வினா வடிவிலேயே சொல்ல வேண்டும். 'கொழும்பு' என்றாற் செல்லாது. 'கொழும்பு என்பது யாது?' என்று சொல்ல வேண்டும். விடை வகை எட்டென வகுத்த நன்னூலார் அவற்றுள் வினாவுக்கு எதிர் வினாவுதலையும் ஒன்றாக வைத்தார். ஆதலால் நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதன்று!

இப்போட்டிக்கு 2021 நவம்பரிலே வந்தவர் ஏமி ஷ்னைடர். ஓகையோ மாநிலத்து டேற்றன் நகரிற் பிறந்தவர். கலிபோர்னியாவில் ஓக்லண்டு நகரிலே கணினி மென்பொருட் பொறியியற் பணியில் இருந்தவர். நாற்பது வயதைக் கடந்தவர். ஆணென்று பதியப்பெற்று வளர்ந்து, 2017ஆம் ஆண்டளவிலே தாம் பெண் என்பதை வெளிப்படுத்தி வாழத் தொடங்கியவர். பள்ளிக்கூடத்திலே எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே, 'இவர் ஒருநாள் ஜெப்பர்டியில் தோன்றுவார்' என்று உடன்படித்தோர் வாக்களித்துத் தேர்ந்தார்களாம். அந்த வாக்கு நிறைவேற மூன்று தசாப்தம் சென்றது.

வந்தார், வென்றார். மறுநாளும் வென்றார். தொடர்ந்து 40 ஆட்டங்களில் வென்றார். அவருக்கு முன் அதனினும் நீண்ட தொடர்வெற்றி பெற்றவர் 2004இலே 74 ஆட்டம் வென்ற கென் ஜெனிங்ஸ் ஒருவரே. அந்த ஜெனிங்ஸ்தாம் இவ்வாட்டங்களிலே குறிப்புகளை வாசித்தவர் என்பது சுவையான செய்தி. ஏமி சேர்த்த பரிசுப் பணம் 1,382,800 டொலர். வழமையான ஆட்டங்களிலே பத்து இலட்சம் டொலரைத் தாண்டிய முதற் பெண்மணி அவரே.

அவர் தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். வென்ற கதையை மட்டும் சொல்லுதல் பரிசளிப்பு விழாக்களின் நோய். 2022 ஜனவரி 26ஆம் நாள் ஒளிபரப்பான ஆட்டத்தில் இறுதிக் குறிப்புவரை அவரே முன்னின்றார். குறிப்பு இது: மக்கட்டொகையில் உலகின் முதற் பத்து நாடுகளுள் ஒன்று, ஆங்கிலப் பெயர் 'எச்' எழுத்தில் முடியும் ஒரே நாடு. உங்களிற் பலர் இதற்குள் விடையைக் கண்டுவிட்டீர்கள். நமக்கு அயலிலுள்ள வங்காளதேசம்! நாற்பது நாள் எவராலும் அசைக்கப்படாத அந்த அறிவாளிக்கு அது தோன்றவில்லை. சிக்காகோ நகரத்து நூலகர் றோன் தல்ஸ்மா அதனைச் சரியாக எழுதினார், வென்றார். நூலகர் ஒருவரே அவரை வென்றார் என்பதை வாசிகசாலையில் நின்று சொல்வதிலே நமக்கொரு மகிழ்ச்சி. அதே ஆண்டு நவம்பரிலே, வெற்றியாளர்களுக்குள்ளே நடந்த பெரும்போட்டிக்கு ஏமி மீண்டும் வந்தார். அதனையும் வென்று 250,000 டொலர் பெற்றார். அந்த நவம்பரிலேயே தம் பிறந்த மாநிலத்துச் சட்டமன்றக் குழுவின் முன் சென்று, திருநர் இளையோரின் மருத்துவச் சிகிச்சையைத் தடுக்க வந்த சட்டவரைவை எதிர்த்துச் சாட்சியும் சொன்னார்.

இவர் வெற்றியில் நம்மைக் கவர்ந்தது யாது? பணமன்று. மாதக்கணக்காக ஒவ்வொரு மாலையும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் தத்தம் வீட்டிலிருந்தபடியே ஒரு திருநங்கையைப் பார்த்தன. எதற்காகப் பார்த்தன? இரங்குவதற்கா? எள்ளுவதற்கா? இல்லை. விடை தெரிந்தவர் என்பதற்காகப் பார்த்தன. ஆற்றின் பெயர், அரசனின் பெயர், நூலின் பெயர் என்று அவர் சொல்லச் சொல்ல, 'நமக்குத் தெரியாதது இவருக்குத் தெரிகிறதே' என்று வியந்தன. திருநங்கையர் மேடையேறித் தம் துன்பத்தைச் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம், கண்கலங்கியும் இருக்கின்றோம். ஆனால் அவரிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளும் நிலையில் நாம் எத்தனை தடவை அமர்ந்திருக்கின்றோம்?

அமெரிக்கா நெடுந்தூரம். கடலைத் தாண்டிச் சேலம் நகருக்கு வாருங்கள்.

அங்கே பிறந்தவர் கே. பிரித்திகா யாஷினி என்பார். கணினிப் பயன்பாட்டுத் துறையிற் பட்டம் பெற்றவர். சென்னையிலே விடுதிக் காப்பாளராகப் பணிசெய்தவர். 2015ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுக் காவற்றுறைக்கு உதவி ஆய்வாளரைத் தெரிவுசெய்யும் பரீட்சைக்கு விண்ணப்பித்தார். நம் நாட்டிற் சப்-இன்ஸ்பெக்டர் என்கின்றோமே, அந்தப் பதவி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் யாதெனின், சான்றிதழிலிருந்த பழைய பெயரும் விண்ணப்பத்திலிருந்த பெயரும் ஒன்றாக இல்லை. படிவத்திலோ ஆணுக்கு ஒரு கூடு, பெண்ணுக்கு ஒரு கூடு, வேறு கூடு இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரிலிலே திருநரை மூன்றாம் பாலினராக ஏற்றுத் தீர்ப்பளித்து ஓராண்டு ஆகிவிட்டிருந்தது. தீர்ப்பு டில்லியிலே இருந்தது. படிவம் சென்னையிலே இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

பிரித்திகா சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். எழுத்துப் பரீட்சைக்கு ஒரு தடவை, வெட்டுப்புள்ளிக்காக ஒரு தடவை, உடற்றகுதித் தேர்வுக்காக ஒரு தடவை என்று, மற்றவர் படியேறும் ஒவ்வோரிடத்திலும் இவர் வழக்கேற வேண்டியிருந்தது. ஏனெனில் மூன்றாம் பாலினர்க்கென எந்த அளவுகோலையும் எவரும் வகுத்து வைக்கவில்லை. நூறு மீற்றர் ஓட்டத்திலே ஏறக்குறைய ஒரு விநாடி பிந்தினார். அதுவும் வழக்கிற் பேசப்பட்டது. 2015 நவம்பரிலே நீதியரசர் சஞ்சய் கிஷன் கௌல், நீதியரசர் புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அமர்ந்த ஆயம், இவர் அப்பதவிக்கு உரியவர் என்றும், இனி வரும் தெரிவிலே மூன்றாம் பாலினரையும் ஒரு வகையாகச் சேர்க்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரிலிலே தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பதவியேற்றார். ஏமிக்கு எதிரே இரண்டு போட்டியாளர் நின்றனர். பிரித்திகாவுக்கு எதிரே ஒரு காகிதம் நின்றது. எது கடிய எதிரி என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தவர் பரீட்சையை எவ்வளவு போற்றுவர் என்பது உலகறிந்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை பெறுபேறு வந்த நாள் நமக்குத் திருநாள். தெருமுனையிலே தனியார் கல்வி நிலையத்தார் பிள்ளைகளின் படத்தோடு பதாகை கட்டுவர். இந்தப் பெருமைக்கு நீண்ட வேரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியர் இருவரும், 1857ஆம் ஆண்டிலே தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்தவர் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கின்றோம். மகிழலாம், தவறில்லை.

அந்தச் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை பட்டம் பெற்றதோடு நின்றாரல்லர். 1868இலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். அச்சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தைத் திறந்து நாலாம் சூத்திரத்தைப் பாருங்கள். ஆணுக்குரிய ஈறு இன்னது, பெண்ணுக்குரிய ஈறு இன்னது, பலர்க்குரிய ஈறு இன்னது என்று வகுக்கப் போகும் ஆசிரியருக்கு ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. ஆண்மை திரிந்து பெண்மை நோக்கி நின்றாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனக்கென ஓர் ஈறு மொழியில் இல்லை. என்ன செய்தார்? ஈறு இல்லையாதலின் ஆளும் இல்லை என்றாரா? அஃறிணையிலே தள்ளினாரா? இல்லை. அவர்களை உயர்திணையிலே வைத்து, உயர்திணையின் ஈற்றையே அவர்க்கும் உரியதாக்கினார். அதே சூத்திரத்தில் அவர்களோடு சேர்த்து வைத்தது எதனை என்று நினைக்கின்றீர்கள்? தெய்வத்தைக் குறிக்கும் பெயரை! தெய்வத்துக்கும் தனி ஈறு இல்லையன்றோ?

பழந்தமிழகம் திருநரைத் தலையில் வைத்துப் போற்றியது என்று நாம் கதை கட்டவில்லை. பழைய இலக்கியங்களிலே பேடியரை நகைப்பொருளாக்கிய இடங்களும் உண்டு. நாம் சொல்வது இலக்கணத்தை மட்டுமே. சென்னைத் தேர்வு வாரியத்துக்கு 2015இலே வந்த இடர்ப்பாடே தொல்காப்பியருக்கும் வந்தது. அவரிடமும் கூடு இல்லை. அவர் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை.

இப்பொழுது அந்தப் புன்னகைக்கு வருவோம். வகுப்பறையிலே ஒரு பிள்ளையின் நடையைப் பார்த்துச் சிரிக்கின்றார்கள். குரலைக் கேட்டுச் சிரிக்கின்றார்கள். ஒரு பட்டப்பெயர் சூட்டுகின்றார்கள். ஆசிரியர் சிலர் கேளாதவர்போல் இருக்கின்றனர். சிலர் தாமும் சிரிக்கின்றனர். பிள்ளை முதலில் விளையாட்டுத் திடலை விடுகின்றது. பின்னர்க் காலைப் பிரார்த்தனையை விடுகின்றது. பின்னர்ப் பள்ளிக்கூடத்தையே விடுகின்றது. இடாப்பிலே பெயர் வெட்டப்படுகின்றது. சாதாரண தரம் எழுதாத பிள்ளைக்கு உயர்தரம் ஏது? பல்கலைக்கழகம் ஏது? அதன்பின் ஊரார் சொல்வது என்ன? 'இவர்கள் படிக்க மாட்டார்கள்' என்பது! நாமே கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வரவில்லையே என்று நாமே குறை கூறுகின்றோம்.

இலங்கையிலே 2016ஆம் ஆண்டு முதற் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழி சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையால் வந்துள்ளது. மருத்துவரின் மதிப்பீட்டின் பின் அதனைப் பெற்றுப் பிறப்புப் பதிவிலே பெயரையும் பாலையும் திருத்தலாம். நல்லது, வரவேற்கின்றோம். ஆயினும் அது வகுப்பறையில் இன்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் கைக்கு நாளைக் காலையில் வந்து சேர்வதன்று. அப்பிள்ளைக்குக் கொழும்பிலிருந்து வர வேண்டியது ஒன்று. கொழும்புத்துறையிலிருந்து வர வேண்டியது வேறொன்று.

ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார்: "நாற்பது ஆட்டம் வெல்பவரை மதிக்கலாம், ஐயா, எல்லோரும் அப்படியா?" அவர் கேட்டதிலே ஒரு நியாயம் இருப்பதுபோற் தோன்றும். நமக்கு அது ஏற்புடைத்தன்று. நம் வீட்டுப் பையன் கணிதத்திலே முப்பது புள்ளி எடுத்தால் அவனுக்குச் சோறு போடாமலா விடுகின்றோம்? அவன் பெயரை மாற்றியா கூப்பிடுகின்றோம்? சராசரியாகப் படிக்கும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஏமியையும் பிரித்திகாவையும் நாம் எடுத்துக்காட்டியது, இவர்போல் வென்றால் மதிப்போம் என்று விலைபேசுவதற்கன்று. ஒளிந்திருக்கும் ஒரு பிள்ளை, 'எனக்கும் வினாத்தாளுக்கும் இடையிலே இடமுண்டு' என்று எண்ணுவதற்கு ஒரு முகம் வேண்டும், அதற்காகவே.

வாசிகசாலை நிருவாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். அடுத்த பொது அறிவுப் போட்டிக்கு நீங்கள் அச்சடிக்கும் விண்ணப்பத்தை மேசையிற் பார்த்தோம். பெயர், வயது, பாடசாலை, அதன்பின் 'ஆண் / பெண்' என்றிருக்கின்றது. வங்காளதேசத்தின் தலைநகரைக் கேட்பதற்கு அந்த நாலாவது வரி எதற்கு? எடுத்துவிடுங்கள். போட்டியாளர் தம் கையால் எந்தப் பெயரை எழுதித் தருகின்றாரோ அந்தப் பெயரை ஒலிபெருக்கியிற் கூப்பிடுங்கள். பாடசாலையை விட்டு விலகியவரும் சேரலாம் என்று ஒரு வரி சேருங்கள். அச்சுக்கூலி கூடாது, ஒரு வரி போய் ஒரு வரி வருகின்றது. அவ்வாறு அச்சாகுமாயின், அப்போட்டியின் முதற் பரிசுக்குரிய நூல்களை நாமே வாங்கித் தருகின்றோம்.