கேபிளைச் செருகும் முன் ஒரு நிமிடம்

வருமானச் சான்றிதழ், பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் இன்று கைபேசியிலேயே முடித்துவிடுகிறோம். அதுக்கு வீட்டு வைஃபை ஒழுங்கா இருக்கணும், இல்லையா? எங்க வீட்டுல நான் செய்த தப்பையே சொல்றேன்.

மாடி அறைக்கு சிக்னல் எட்டவில்லை. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. கீழே உள்ள ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிளை இழுத்து, அதில் கண்ணில் பட்ட போர்ட்டில் செருகிட்டேன். அன்றைக்கு மகளின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வைஃபை முழுசா காட்டுது. ஆனால் 'இணையம் இல்லை' என்கிறது! கடைசியில் மொபைல் டேட்டாவில்தான் அனுப்பினோம்.

என்ன தப்பு? ரவுட்டரின் பின்னால் உள்ள போர்ட்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றில் மட்டும் 'டபிள்யூ-ஏ-என்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும். இணையம் உள்ளே வரும் வாசல் அதுதான். மற்றவை 'லேன்' போர்ட்டுகள், வீட்டுக் கருவிகளுக்கானவை. நான் லேனில் செருகியதால், இரண்டு ரவுட்டரும் கைபேசிகளுக்கு முகவரி கொடுக்க ஆரம்பித்தன. மாடி ரவுட்டரிடம் முகவரி வாங்கிய கைபேசி, இணையத்துக்கும் அதையே கேட்டது. அதனிடம் ஏது இணையம்?

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. எதையும் கழற்றும் முன், போர்ட்டுகளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்க.

2. ஃபைபர் பெட்டியின் லேனிலிருந்து வரும் கேபிளை இரண்டாவது ரவுட்டரின் 'இன்டர்நெட்' போர்ட்டில் செருகுங்க. இரண்டுக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி இருந்தால், இரண்டாவதை 192.168.2.1 என மாற்றுங்க.

3. லேனிலேயே இணைக்கணும் என்றால், இரண்டாவது ரவுட்டரில் 'டிஹெச்சிபி' வசதியை முதலில் அணைத்து, அதன் முகவரியையும் 192.168.1.2 போல மாற்றுங்க.

4. ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே பெட்டியின் லேன் போர்ட்டுகளில் செருகாதீங்க. தகவல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, வீட்டு இணைப்பு முழுவதும் முடங்கிடலாம்.

5. சின்னதாக இருக்கும் தொலைபேசிப் போர்ட்டில் இந்தக் கேபிளை அழுத்தித் திணிக்காதீங்க.

முடித்ததும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, மாடி வைஃபையில் ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்க. திறந்தால் சரி.

இன்னொன்று: இந்த வேலையை விண்ணப்பத்தின் கடைசி நாளில் மட்டும் வைத்துக்கொள்ளாதீங்க!